மாய பிம்பமும் மெய் எழுத்தும்

(எழுத்தாளர் சுஜாதாவின் வாழ்க்கை)

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பஞ்சாயத்துத் திண்ணைக்கு ஏற்பட்ட பழமொழி இது. ஒவ்வொருவர் கையிலும் திரை முளைத்துவிட்ட இந்தக் காலத்தில் அதுவே அறிவியல் மாணவனுக்குரிய பாடமாகவும் ஆகிவிட்டது. இல்லாத ஒருவரை இருப்பதாகக் காட்டலாம். இருக்கிற ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டலாம். இவையெல்லாம் நடக்கக்கூடும் என்று ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு முன்னரே, வாரப் பத்திரிகை ஒன்றின் தொடர்கதையில், டீக்கடை பெஞ்சில் அமர்ந்து படிப்பவருக்கும் விளங்கும்படி எழுதிக் காட்டிய ஒரு தமிழர் இருந்தார். அவர்தான் எழுத்தாளர் சுஜாதா.

நான் பால்வாடிக்குப் போகத் தொடங்கும் முன்னரே அவர் மறைந்துவிட்டார். ஆகவே அவரைப் பார்த்தவன் என்றோ கேட்டவன் என்றோ நான் சொல்லிக்கொள்ள வழியில்லை. அவருடைய நூல்களைப் படித்தவன் என்ற ஒரே உரிமையில், அவர் வாழ்க்கையையும், விடுதி நண்பர்களாகிய எங்களுக்குள் நடந்த ஒரு வழக்கையும் இங்கே எழுத முற்படுகிறேன்.

ஸ்ரீரங்கத்துச் சிறுவன்

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். 1935ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தார். தந்தையார் மின்துறையில் பணியாற்றியவர். அந்தப் பணியில் ஊர் மாற்றம் அடிக்கடி நேரும். பிள்ளையின் படிப்புக் கெடக்கூடாதென்று ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் வீட்டில் விட்டார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஏழு மதில்கள் சூழ்ந்த கோயிலின் தெருக்களில் அவர் வளர்ந்தார். பெரிய ஆலைகளோ ஆய்வுக்கூடங்களோ இல்லாத ஊர் அது. அங்கே திண்ணையும், கிரிக்கெட்டும், திருவிழாவும், தெருவில் நடமாடும் பலதரப்பட்ட மனிதர்களும் அவருக்குக் கிடைத்தார்கள். பிற்காலத்தில் ஸ்ரீரங்கத்துத் தேவதைகள் என்ற கதைத் தொகுதியில் அந்த மனிதர்கள் அனைவரையும் உயிரோடு கொண்டுவந்து நிறுத்தினார். கணிப்பொறியைப் பற்றி எழுதியவர் என்றே அவரை அறிந்தவர்கள் அந்தத் தொகுதியைப் படித்துப் பார்க்க வேண்டும். எந்திரத்தை அவ்வளவு தெரிந்துவைத்திருந்தவருக்கு மனிதர்களை அதைவிட நன்றாகத் தெரிந்திருந்தது என்பது புலப்படும்.

பள்ளிப் படிப்புக்குப் பின் திருச்சி தூய வளனார் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தார். நாமும் படிக்கிற அதே பட்டம்! பின்னாளில் 2002இல் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் அவர்களும் அதே காலத்தில் அதே கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். இராமேசுவரத்திலிருந்து வந்த ஒருவரும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஒருவரும் ஒரே ஆய்வுக்கூடத்துக் கருவிகளைத் தொட்டுப் பயின்றிருக்கிறார்கள். பின்னர் இருவருமே சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரிக்குச் சென்றனர். கலாம் விமானத் துறையை எடுத்துக்கொண்டார்; ரங்கராஜன் மின்னணுவியலை எடுத்துக்கொண்டார். பி.எஸ்ஸி. பட்டம் எதற்கும் உதவாது என்று சொல்வோருக்கு இந்த இருவரையும் சுட்டிக்காட்டலாம்.

அரசுப் பணியும் புனைபெயரும்

படிப்பு முடிந்ததும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் பணியில் சேர்ந்தார். வானில் வரும் விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்தும் வேலை. கொஞ்சம் கவனம் பிசகினாலும் உயிர்ச்சேதம். அந்த வேலை கற்றுத் தந்த சுருக்கமும் தெளிவும் பிற்காலத்தில் அவர் எழுத்திலும் இருந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. தில்லியில் பல ஆண்டுகள் இருந்தபின், பெங்களூரில் பாதுகாப்புத் துறைக்கான மின்னணுக் கருவிகளைத் தயாரிக்கும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே பணியாற்றினார். பகலில் பொறியாளர், இரவில் எழுத்தாளர். எழுத்தை நம்பி வேலையை விடவுமில்லை. வேலையைக் காரணம் காட்டி எழுத்தை நிறுத்தவுமில்லை.

மாணவப் பருவத்திலேயே, 1953இல், திருச்சியிலிருந்து வந்த சிவாஜி என்னும் இதழில் அவருடைய முதற்கதை வெளிவந்தது. 1962இல் குமுதம் இதழுக்குக் கதை அனுப்பியபோது ஒரு சிக்கல். அந்த இதழின் ஆசிரியர் குழுவில் ரா.கி. ரங்கராஜன் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் ஏற்கெனவே இருந்தார். ஒரே இதழில் இரண்டு ரங்கராஜன்கள் இருந்தால் வாசகர் குழம்புவார்களே! ஆகவே தம் மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். ஒரு பெண்ணின் பெயரில் எழுதுபவர் மீசை வைத்த பொறியாளர் என்பது பல வாசகர்களுக்கு வெகுநாள் தெரியாமலே இருந்திருக்கும். உண்மையான ஆள் ஒன்று, வெளியே தெரியும் உருவம் வேறொன்று என்கிற இந்த வேடிக்கை அவர் வாழ்விலேயே இருந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னே வரப்போகும் செய்திக்கு அது பொருத்தமானது.

1968இல் குமுதத்தில் வந்த நைலான் கயிறு என்னும் தொடர் அவரைத் தமிழகம் முழுதும் அறியச் செய்தது. வழக்கறிஞர் கணேஷும், பின்னர் அவருடன் சேர்ந்த வசந்தும் வீட்டுக்கு வந்துபோகும் உறவினர்களைப் போல் ஆனார்கள். சிறுகதை, புதினம், நாடகம், கட்டுரை என்று எழுதிக் குவித்தார். அவற்றின் பட்டியலைத் தந்தால் இந்த மலரின் பக்கங்கள் போதா.

அறிவியலைத் தமிழில் சொன்னவர்

என்னைப் போன்ற மாணவர்களுக்கு அவர் செய்த பேருதவி வேறு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறோம். இங்கே பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களே இல்லாதபோது ஆங்கிலத்தில் ஐயம் கேட்க ஆளேது? அந்த நிலையில் குறைகடத்தி என்றால் என்ன, சில்லு என்றால் என்ன, மூளை எப்படி வேலை செய்கிறது என்று தோளில் கை போட்டுக்கொண்டு தமிழில் சொல்லித் தர ஒருவர் வேண்டியிருந்தது. கல்லூரி நூலகத்தில் அவர் கிடைத்தார்.

ஜூனியர் விகடனில் ஏன்? எதற்கு? எப்படி? என்ற தலைப்பில் வாசகர் கேள்விகளுக்கு அவர் விடை எழுதிவந்தார். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பது போன்ற கேள்வியானாலும் சரி, கடினமான துகள் இயற்பியல் ஆனாலும் சரி, கேட்டவரை அவர் ஒருபோதும் சிறுமைப்படுத்தியதில்லை. தெரிந்ததை எளிமையாகச் சொன்னார். சிலிக்கன் சில்லுப் புரட்சி, கம்ப்யூட்டரின் கதை, மூளையைப் பற்றிய தலைமைச் செயலகம் ஆகிய நூல்கள் நம் நாட்டுச் சிற்றூர்களில் கணிப்பொறியைக் கண்ணால் பார்த்திராத மனிதர்களுக்குக் கணிப்பொறியை அறிமுகம் செய்தன. அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றமைக்காக 1993இல் மத்திய அரசின் தேசிய அறிவியல் தொழில்நுட்பக் குழுவின் விருது அவருக்குக் கிடைத்தது. தமிழக அரசின் கலைமாமணி விருதும் பெற்றார்.

அவருடைய தமிழில் ஆங்கிலச் சொற்கள் மிகுதி என்பது தமிழாசிரியர்கள் பலர் சொல்லும் குறை. அந்தக் குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழ்ச் சொல் கிடைக்கும் வரை அறிவியல் காத்திருக்காது. ஆங்கிலச் சொல்லையாவது வைத்துக்கொண்டு தமிழ் வாக்கியத்தில் விளக்கினால் மாணவனுக்கு விளங்கிவிடுகிறது. விளங்கிய மாணவன் பிறகு நல்ல தமிழ்ச் சொல்லைத் தேடிக்கொள்வான்.

என் இனிய இயந்திரா

இனி இக்கட்டுரையின் முக்கியப் பகுதிக்கு வருகிறேன். 1980களில் ஆனந்த விகடனில் என் இனிய இயந்திரா என்ற தொடர்கதையை அவர் எழுதினார். கதை நடப்பது 2022ஆம் ஆண்டை ஒட்டிய இந்தியாவில். அதாவது, அன்றைய வாசகருக்கு எதிர்காலம். நமக்கோ கடந்துபோன காலம்!

அந்த இந்தியாவில் பசி இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. விருப்பம் என்பதும் இல்லை. மக்களின் பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொருவருக்கும் எண் உண்டு. பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். வயது முதிர்ந்தவர்களுக்கு வாழ உரிமையில்லை. நாட்டை ஆளுபவர் ஜீவா என்னும் பெருந்தலைவர். எல்லாரும் திரையில் அவரைக் காண்கிறார்கள், அவர் குரலைக் கேட்கிறார்கள், அவரை நேசிக்கிறார்கள்.

நிலா என்ற எளிய குடும்பப் பெண்ணுக்குக் குழந்தை பெறும் அனுமதி வருகிறது. அது தொடர்பாக வெளியே சென்ற கணவன் சிபி திரும்பவில்லை. தேடப் போனால் எந்த அலுவலகத்திலும் விடை இல்லை. அந்த நேரத்தில் அவள் வீட்டில் தங்க ரவி என்பவன் வந்து சேர்கிறான். அவனோடு ஜீனோ என்ற எந்திர நாயும் வருகிறது. ரவியும் மனோ என்ற அவன் நண்பனும் ஜீவாவை ஒழிக்கத் திட்டமிடுகிறார்கள். நிலாவும் அதில் சிக்கிக்கொள்கிறாள். கடைசியில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. ஜீவா என்று ஒருவரே இல்லை. அவர் ஒளியால் ஆன உருவம். ஒரு நாடே பல்லாண்டுகளாக ஒரு பிம்பத்தை வணங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

கதை இத்துடன் நின்றிருந்தால் அதை நல்ல மர்மக் கதை என்று சொல்லிவிட்டு மூடிவைத்திருப்பேன். சுஜாதா அதற்கு மேலும் ஓரடி வைக்கிறார். பிம்பத்தை உடைத்தவர்கள் மக்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. வேறொரு பிம்பத்தை அந்த இடத்தில் அமர்த்துகிறார்கள். நிலாவைத் தலைவியாக்கிப் பின்னாலிருந்து தாங்கள் ஆளப் பார்க்கிறார்கள். பொய்யைக் கண்டுபிடித்தவனே அந்தப் பொய்யின் அடுத்த முதலாளியாகிறான். இந்த இடத்தைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

அந்த இருண்ட உலகத்தில் அன்பும் நகைச்சுவையும் மிஞ்சியிருப்பது எந்திர நாய் ஒன்றிடம்தான். ஜீனோ புத்தகம் படிக்கிறது. படிக்கப் படிக்கச் சிந்திக்கிறது. சிந்திக்கத் தொடங்கியதும் தனக்கிட்ட கட்டளை சரியா என்று கேட்கிறது. மனிதர்கள் படிப்பதை விட்டுவிட்ட நாட்டில் எந்திரம் படித்து மனிதத்தன்மை அடைகிறது! வாசகர்கள் ஜீனோவை விட மனமில்லாமல் இருக்கவே, மீண்டும் ஜீனோ என்ற இரண்டாம் பாகமும் வந்தது. தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் இக்கதை ஒளிபரப்பாகி, படிக்கத் தெரியாதவர் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

விடுதியில் நடந்த வழக்கு

இந்தக் கதையை நான் எடுத்துப் படித்ததற்குக் காரணம் எங்கள் விடுதியில் எழுந்த ஒரு விவாதம். ஜப்பானியர்கள் 1998இல் தயாரித்த, லெய்ன் என்ற சிறுமியைப் பற்றிய 13 பகுதிகள் கொண்ட கேலிச்சித்திரத் தொடர் ஒன்றை நண்பர்கள் கைப்பேசியில் பார்த்தார்கள். கேலிச்சித்திரம் என்றவுடன் பூனையும் எலியும் துரத்திக்கொள்ளும் என்று எண்ண வேண்டா. இறந்துபோன வகுப்புத் தோழியிடமிருந்து லெய்னுக்குக் கணிப்பொறி வழியாகக் கடிதம் வருகிறது. உடலை விட்டுவிட்டேன், ஆனால் வலையுலகத்தில் வாழ்கிறேன் என்பது அதன் சாரம். அதைப் பின்தொடர்ந்து செல்லும் லெய்னுக்கு வலையுலகம் எது, வெளியுலகம் எது என்ற எல்லையே அழிந்துபோகிறது. தெருவெங்கும் மின்கம்பிகள், அவற்றின் ஓயாத இரைச்சல். மனிதர்கள் குறைவாகப் பேசுகிறார்கள்.

பார்த்தவர்கள் நான்கு கட்சியாகப் பிரிந்தார்கள். முதற்கட்சி, ஒன்றுமே புரியவில்லை, தூக்கம்தான் வந்தது என்றது. இரண்டாம் கட்சி, புரியாததனாலேயே அது உயர்ந்த படைப்பு என்று வாதாடியது. மூன்றாம் கட்சி, இவ்வளவு இருட்டைக் காட்டி இளைஞர் மனத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்று கேட்டது. நான்காவது கட்சிக்காரர் ஒரே ஒருவர்தான். பாலக்கோடு பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளை. மழை பெய்யவில்லை, தக்காளிக்கு விலையில்லை, இந்த நிலையில் நமக்கு மாய உலகத்தைப் பற்றி என்ன கவலை என்று அவர் கேட்டார். அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

முதல் மூன்று கட்சிகளுக்கும் சுஜாதாவின் எழுத்திலேயே விடை இருக்கிறது. புரியாமல் எழுதினால்தான் ஆழம் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. லெய்ன் தொடர் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஏறத்தாழ அதே ஐயத்தை, அடுத்த வாரம் எப்போது வரும் என்று காத்திருக்கும்படி அவர் எழுதினார். இருட்டையும் காட்டினார், அந்த இருட்டில் ஒரு நாய்க்குட்டியையும் விட்டார். அதே சமயம், லெய்ன் தொடரில் ஒரு சிறுமியின் தனிமை மனத்தில் தைப்பதைப் போல சுஜாதாவின் விரைவான நடையில் தைப்பதில்லை என்ற நண்பர் ஒருவரின் கருத்தும் நியாயமானதே.

நான்காம் கட்சிக்கு விடை சொல்வதுதான் கடினம். அதற்கு என் பாடநூலையும் எங்கள் ஊரையும் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

மாய பிம்பம் மேடையேறியது

ஒளியியலில் மெய் பிம்பம், மாய பிம்பம் என்ற இரண்டைப் பள்ளியிலேயே படித்தோம். மெய் பிம்பத்தைத் திரையில் பிடிக்கலாம். மாய பிம்பத்தைப் பிடிக்க முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல் கண்ணுக்குத் தோன்றும், போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இராது. முப்பரிமாண ஒளிப்படமாகிய ஹோலோகிராம் முறையை 1947இல் டென்னிஸ் கேபர் என்ற அறிஞர் கண்டறிந்து, 1971இல் நோபல் பரிசு பெற்றார். ஜீவாவின் உருவத்துக்குச் சுஜாதா ஆதாரமாகக் கொண்டது இந்த அறிவியலைத்தான். கதையில் வருவதைப் போல வெறும் காற்றில் முழு மனித உருவம் நடமாடுவது இன்றும் எளிதன்று என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் குறிப்பிட வேண்டும்.

ஆனால் அதைவிட எளிய வழி ஒன்று 1862லேயே இலண்டன் நாடக மேடையில் வந்துவிட்டது. மேடையில் பெரிய கண்ணாடித் தகட்டைச் சாய்த்து நிறுத்தி, கீழே மறைந்திருக்கும் நடிகரின் மீது ஒளியைப் பாய்ச்சினால், அவருடைய மாய பிம்பம் மேடை நடுவே ஆவியைப் போல் தோன்றும். பெப்பரின் ஆவி என்று இதற்குப் பெயர். இதே உத்தியில் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய ஒளிபுகும் தாளைப் பயன்படுத்தி, 2012இல் குஜராத் சட்டமன்றத் தேர்தலிலும் 2014இல் மக்களவைத் தேர்தலிலும் ஒரே தலைவர் ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் தோன்றிப் பேசினார். சுஜாதா மறைந்து ஆறே ஆண்டுகள்! 2024இல் நம் சென்னையிலேயே, மறைந்த தலைவர் ஒருவரின் உருவமும் குரலும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டு நூல் வெளியீட்டு விழாவில் பேசின. இவை யாரையும் ஏமாற்றுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிம்பம்தான் என்று சொல்லியே காட்டப்பட்டன. சொல்லாமல் காட்டினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

தருமபுரி - சேலம் நெடுஞ்சாலையில் உள்ள எங்கள் நல்லம்பள்ளியில் இந்தக் கேள்வி தினந்தோறும் எழுகிறது. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். விடுமுறைக்குப் போனால் அக்கம்பக்கத்துப் பெரியம்மாக்களும் சித்தப்பாக்களும் கைப்பேசியை நீட்டி, தம்பி, இது நெசமா பொய்யா என்று என்னைத்தான் கேட்கிறார்கள். நோய்க்கு மருந்தென்று புகழ்பெற்ற மருத்துவர் முகத்தோடு ஒரு காணொளி. பணம் இரட்டிப்பாகும் என்று பெருஞ்செல்வர் குரலோடு இன்னொன்று. ஆட்டை விற்ற பணத்தை யாரிடம் கொடுப்பது என்பது அந்த ஒரு விடையைப் பொறுத்திருக்கிறது. தக்காளிக்கு விலை இல்லாத வீட்டில் இருக்கிற கொஞ்சப் பணத்தையும் மாய பிம்பம் கொண்டுபோகும் என்றால், அது உழவர் வீட்டுக் கவலையா இல்லையா? பாலக்கோட்டு நண்பருக்கு நான் சொன்ன விடை இதுதான்.

கையில் தொட்ட இயந்திரம்

சுஜாதாவின் வாழ்க்கையில் எனக்குப் பெருவியப்பாக இருப்பது இன்னொன்று. மக்கள் பார்த்திராத தலைவன் ஆளும் நாட்டைக் கற்பனை செய்த அதே மனிதர், பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வையிட்டவர்களுள் முதன்மையானவர். ஒரு கையால் மக்களாட்சி செத்துப்போன நாட்டை எழுதினார். மறு கையால் மக்களாட்சிக்குக் கருவி செய்தார்.

இந்தியாவில் இவ்வகை இயந்திரம் முதன்முதலில் 1982இல் கேரளத்துப் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் பயன்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 1988இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் ஐயங்கள் நீங்கப் பல்லாண்டுகள் ஆயின. 2001இல் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும், 2004இல் மக்களவைத் தேர்தல் முழுவதும் இயந்திரத்திலேயே நடந்தன. மின்சாரம் இல்லாத இடத்திலும் மின்கலத்தால் இயங்குவது அதன் சிறப்பு. ஒருவர் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு வாக்குத்தான் பதிவாகும். அதிகாரி மறுபடி திறந்துவிட்டால்தான் அடுத்தவர் வாக்களிக்கலாம். நம் மாவட்டத்தில் பென்னாகரத்தை அடுத்த கோட்டூர் மலைக்குச் சாலை இல்லாமையால், 2021 தேர்தலில் இந்த இயந்திரங்களைக் கழுதைகளின் முதுகில் ஏற்றிக்கொண்டுபோனார்கள். பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் பிறந்த கருவி கழுதை மேல் ஏறி மலைமக்களிடம் போனதைச் சுஜாதா பார்த்திருந்தால் அதிலிருந்து ஒரு சிறுகதை பிறந்திருக்கும்.

இயந்திரத்தை நம்பலாமா என்ற வாதம் நாட்டில் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. அதற்காகவே 2013 முதல், வாக்களித்த சின்னத்தைத் தாளில் அச்சிட்டு 7 விநாடி கண்ணாடி வழியே காட்டும் ஏற்பாடு படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. அந்த 7 விநாடிகளில் ஒரு பெரிய கருத்து அடங்கியிருக்கிறது. பொறியாளர் சொல்கிறார் என்பதற்காக மக்கள் நம்ப வேண்டியதில்லை. அவர்கள் கேட்கலாம், கண்ணால் சரிபார்க்கலாம். ஜீவாவின் நாட்டில் இல்லாமற்போனது கேள்வி கேட்கும் இந்த உரிமைதான்.

எதிர்ப்பும் ஏற்பும்

அவருக்கு மாலைகள் மட்டுமே விழுந்தன என்று எண்ணிவிடக்கூடாது. 1857ஆம் ஆண்டுப் பெரும் கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு குமுதத்தில் கருப்பு சிவப்பு வெளுப்பு என்ற தொடரைத் தொடங்கியபோது, ஒரு பிரிவு மக்களின் மனம் புண்பட்டதாகக் கடும் எதிர்ப்புக் கிளம்பித் தொடர் நிறுத்தப்பட்டது. பின்னர் அதை மாற்றியமைத்து ரத்தம் ஒரே நிறம் என்று எழுதினார். அவசரமாக எழுதுகிறார், பெண்களை வருணிப்பதில் எல்லை மீறுகிறார் என்ற குறைகளும் சொல்லப்பட்டன. அவற்றில் உண்மை இல்லாமலில்லை. எழுதிக் குவிப்பவர் எழுத்தில் பதரும் இருக்கும். தூற்றிப் பார்த்துத் தானியத்தை எடுத்துக்கொள்வது படிப்பவர் கடமை.

திரைத்துறையும் அவரை அழைத்தது. ரோஜா, இந்தியன், முதல்வன், கன்னத்தில் முத்தமிட்டால் முதலிய படங்களில் அவருடைய பேனா இருந்தது. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் சென்னையில் தம் 72ஆம் வயதில் அவர் காலமானார். எந்திர மனிதனைப் பற்றிய எந்திரன் திரைப்படம், அவர் மறைந்து இரண்டாண்டுகள் கழித்து 2010இல், அவர் எழுதிய உரையாடல்களோடு வெளிவந்தது. ஆள் போனபின்னும் சொல் பேசியது. ஆனால் அது மாய பிம்பம் அன்று. உழைத்து எழுதிய மெய்யான சொல்.

முடிவுரை

அன்பு நண்பர்களே! சுஜாதா எழுதிய 2022 கடந்துபோய்விட்டது. நமக்கு இரண்டெழுத்துப் பெயர் கட்டாயமாகவில்லை. முதியவர்கள் நம் வீட்டுத் திண்ணைகளில் வெற்றிலை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவருடைய கணக்கு இந்த அளவில் தவறியதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பிம்பங்கள் வந்துவிட்டன. அவற்றைச் செய்யத் தெரிந்தவர்கள் சிலர், நம்புகிறவர்கள் பலர். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, எப்படிச் செய்யப்பட்டது என்று அறிந்து, அறிந்ததைத் தாய்மொழியில் ஊராருக்கு எடுத்துச் சொல்லும் மூன்றாவது கூட்டம் ஒன்று வேண்டும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கப்போகும் நம்மைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்?

நெசமா பொய்யா என்று ஊர் கேட்கிறது. பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதோடு நின்றுவிடாமல், அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தகுதியையும் இக்கல்லூரியிலிருந்து எடுத்துச் செல்வோமாக. எந்திர நாயே படித்துச் சிந்திக்கக் கற்றுக்கொண்டதென்றால், நம்மால் ஆகாதா என்ன?